விமான நிலையத்தின் சுற்றுச்சூழல் சிக்கல்களை மாணவர்கள் தீர்க்க முடியுமா? ஓர் எளிய விளக்கம்

"விமான நிலையத்தால் சுற்றுச்சூழல் கெடுகிறது" என்று பலரும் சொல்கிறார்கள். அந்த ஒரு வரிக்குள் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. ஒருவர் வானத்தில் விமானம் இழுத்துச் செல்லும் வெள்ளைக் கோட்டைக் காட்டுகிறார். இன்னொருவர் நள்ளிரவில் தூக்கத்தைக் கலைக்கும் சத்தத்தைச் சொல்கிறார். வெள்ளைக் கோடு சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் உருவாவது. கீழே இருக்கும் விமான நிலையம் அதில் செய்வதற்கு அநேகமாக ஒன்றும் இல்லை. சத்தம் அப்படி இல்லை, அதில் நிலையத்தால் நிறையவே செய்ய முடியும். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால் தீர்வு தேடுகிறவர்கள் தடுமாறிப் போவார்கள்.

இந்தத் தடுமாற்றத்துக்கு நடுவில்தான் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குத் திட்டப்பணி தரப்படுகிறது: ஒரு விமான நிலையத்தின் சுற்றுச்சூழல் சிக்கலுக்குத் தீர்வு சொல்லுங்கள். வழக்கமாக வரும் பதில்கள் மூன்று. மரம் நடலாம், சூரியத் தகடு பதிக்கலாம், பிளாஸ்டிக்கைத் தடை செய்யலாம். மூன்றும் நல்ல எண்ணங்கள்தான். ஆனால் சிக்கல் எங்கே பிறக்கிறது, யார் கையில் இருக்கிறது, எவ்வளவு பெரியது என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல் வந்தவை.

மாணவர்களால் இதில் உருப்படியான வேலை செய்ய முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தேவையான தரவுகளில் கணிசமான பகுதி பொதுவெளியிலேயே கிடைக்கிறது. பொறுமையாக உட்கார்ந்து அளக்க நிலைய ஊழியர்களுக்குப் பெரும்பாலும் நேரம் இருப்பதில்லை. மாணவர்களிடம் ஒரு முழுப் பருவம் இருக்கிறது.

## முதலில், அது யாருடைய புகை?

உங்கள் பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியின் ஜெனரேட்டர் எரிக்கும் டீசல் நேரடியாகப் பள்ளியின் பொறுப்பு. வகுப்பறை விளக்குக்கான மின்சாரம் வேறெங்கோ ஒரு மின் நிலையத்தில் தயாராகிறது. புகை அங்கே வருகிறது, ஆனால் பயன்படுத்துவது பள்ளி. மூன்றாவதாக, பள்ளி விடும் நேரத்தில் வாசலில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் வண்டிகள். அவை பள்ளிக்குச் சொந்தமானவை இல்லை. ஆனாலும் பள்ளி இருப்பதால்தான் அங்கே வந்து நிற்கின்றன.

கார்பன் கணக்கு எழுதுகிறவர்கள் இந்த மூன்றையும் ஸ்கோப் 1, ஸ்கோப் 2, ஸ்கோப் 3 என்று பிரிக்கிறார்கள். விமான நிலையத்தில் ஸ்கோப் 1 என்பது நிலையத்தின் சொந்த வண்டிகள், ஜெனரேட்டர்கள், கொதிகலன்கள். ஸ்கோப் 2 என்பது வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம். ஸ்கோப் 3 என்பது மற்ற எல்லாம்: விமான நிறுவனங்களின் விமானங்கள், பயணிகள் வந்துபோகும் கார்கள், சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்த நிறுவனங்களின் வண்டிகள்.

கணக்கில் மிகப் பெரிய பங்கு இந்த மூன்றாவது பிரிவில்தான் இருக்கிறது. நிலைய நிர்வாகத்துக்கு நேரடி அதிகாரம் மிகக் குறைவாக இருப்பதும் அங்கேதான். விமான நிலையங்களின் கார்பன் கணக்கைச் சரிபார்த்துச் சான்று தரும் ஏர்போர்ட் கார்பன் அக்ரெடிடேஷன் என்ற திட்டம் 2009இல் ஐரோப்பாவில் தொடங்கி இப்போது உலகம் முழுவதும் நடக்கிறது. அதன் முதல் படிகள் நிலையத்தின் சொந்தக் கணக்கைத்தான் கேட்கின்றன. மேல் படிகளுக்குப் போனால் மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு குறைக்கச் சொல்கின்றன.

கொச்சி விமான நிலையம் ஒரு நல்ல உதாரணம். 2015 ஆகஸ்டில் 12 மெகாவாட் சூரிய மின் நிலையத்தைத் தொடங்கி, முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்று பெயர் பெற்றது. ஐக்கிய நாடுகளின் 'சாம்பியன்ஸ் ஆஃப் தி எர்த்' விருது 2018இல் கிடைத்தது. இது உண்மையான சாதனை. ஆனால் "மாசே இல்லாத விமான நிலையம்" என்று அதைச் சுருக்கிச் சொல்வது தவறு. அந்தத் தகடுகள் கையாள்வது ஸ்கோப் 2. அங்கிருந்து கிளம்பும் விமானம் அதே எரிபொருளைத்தான் எரிக்கிறது. சாதனையையும் அதன் எல்லையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆக, எந்தச் சிக்கலை எடுத்தாலும் முதல் வேலை எல்லைக் கோடு போடுவது: இது நிலையத்தின் கையில் இருக்கிறதா, அது வாங்கும் பொருளில் இருக்கிறதா, அங்கே வந்துபோகும் மற்றவர்களிடம் இருக்கிறதா?

## தரையில் எரியும் எரிபொருள்

விமானம் புறப்படும்போதுதான் அதிகம் புகை விடுகிறது என்பது பொதுவான எண்ணம். ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால் அது சரி. ஆனால் புறப்பாடு ஒரு நிமிடம்கூட நீடிப்பதில்லை.

நிலையத்தைச் சுற்றியுள்ள காற்றைக் கணக்கிட, சுமார் 915 மீட்டர் உயரத்துக்குக் கீழே விமானம் செய்யும் எல்லாவற்றையும் ஒரு சுற்றாக எடுத்துக்கொள்கிறார்கள். இதற்குப் பெயர் எல்டிஓ சுற்று: இறங்குவது, தரையில் ஓடுவது, மறுபடி ஏறுவது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனமான ஐகாவோ இதற்கு மாதிரி நேரங்களை வைத்திருக்கிறது. புறப்பாடு 0.7 நிமிடம். மேலேறுவது 2.2 நிமிடம். இறங்கி வருவது 4 நிமிடம். தரையில் ஊர்ந்து போவதும் காத்து நிற்பதுமாக 26 நிமிடம். மொத்தம் 32.9 நிமிடத்தில் 26 நிமிடம் விமானம் தரையில் இருக்கிறது!

மெதுவாக ஓடும் எஞ்சினில் எரிபொருள் முழுமையாக எரிவதில்லை. அதனால் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பன்களும் இந்த நேரத்தில்தான் அதிகம் வெளியேறுகின்றன. முழு வேகத்தில் எஞ்சின் கொதிக்கும்போது அவை குறைந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடுகின்றன. எனவே "விமானப் புகை" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த வாயு, எந்தக் கட்டத்தில் என்று கேட்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது. எரிபொருளில் உள்ள கார்பனோடு காற்றிலிருந்து ஆக்சிஜன் வந்து சேர்வதால்தான் எடை இப்படிக் கூடுகிறது. ஏ320 போன்ற நடுத்தர விமானம் இரண்டு எஞ்சின்களோடு தரையில் ஊர்ந்தால் நிமிடத்துக்குச் சுமார் 12 கிலோ எரிபொருள் செலவாகும். அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 38 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு நாளைக்கு இத்தகைய 200 விமானங்கள் கிளம்பும் நிலையத்தில், ஒவ்வொன்றின் காத்திருப்பிலும் 3 நிமிடத்தைக் குறைக்க முடிந்தால் நாளொன்றுக்கு 22 டன்னுக்கு மேல் மிச்சம். ஒன்பதாம் வகுப்புப் பெருக்கல்தான் இது. ஆனால் விமான நிறுவனம் காது கொடுத்துக் கேட்கும் பெருக்கல், ஏனென்றால் அதே கணக்கு எரிபொருள் செலவையும் காட்டுகிறது.

மாணவர்களுக்கான இடம் இங்கே தெளிவாகத் தெரிகிறது. 26 நிமிடம் என்பது உலகத்துக்கெல்லாம் பொதுவாக வைத்த மாதிரி எண். ஒரு குறிப்பிட்ட நிலையத்தின் உண்மையான நேரம் வேறாக இருக்கும். காலை நெரிசலில் ஒன்று, மதியம் ஒன்று என்று மாறும். அதை அளக்கலாம். விமானங்கள் தங்கள் இருப்பிடம், உயரம், வேகம் எல்லாவற்றையும் ஏடிஎஸ்-பி என்ற வானொலிச் செய்தியாக இடைவிடாமல் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. சாதாரண கணினியோடு இணைக்கும் சிறு கருவியால் அதைப் பெற முடியும். ஓபன்ஸ்கை நெட்வொர்க் போன்ற அமைப்புகள் சேகரித்த தரவை ஆய்வுக்குத் தருகின்றன. தரையில் இருக்கும் விமானத்தின் செய்தி கட்டடங்களால் மறைபடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விடுபட்ட தரவை நிரப்பி அழகாக்காமல், விடுபட்டது என்றே எழுதுங்கள்.

இன்னொரு நல்ல வேலை, நிறுத்துமிடத்தில் நிற்கும் விமானத்தைப் பற்றியது. பெரிய எஞ்சின்களை அணைத்த பிறகும் விளக்கும் குளிரூட்டியும் வேண்டும். அதற்காக வால் பகுதியில் ஏபியு என்ற சிறிய எஞ்சின் ஒன்று உண்டு. நடுத்தர விமானத்தில் அது மணிக்குச் சுமார் 100 கிலோ எரிபொருள் எரிக்கும். மாற்று வழி எளிது: தரையிலிருந்து மின்சாரக் கம்பியும் குளிர்காற்றுக் குழாயும். பல நிலையங்களில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் முழுமையாகப் பயன்படுவதில்லை. கம்பி எட்டவில்லையா, குளிர் போதவில்லையா, அடுத்த புறப்பாட்டுக்கு நேரம் போதவில்லையா? இதை ஊழியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. நல்ல கேள்விப் பட்டியல் ஒன்று போதும்.

## இரைச்சல்: அதிகம் பேசப்படுவது, குறைவாகப் புரிந்துகொள்ளப்படுவது

மாணவர்களுக்கு இதில் சொந்த அக்கறை இருக்க வேண்டிய காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1992 மே மாதம் மியூனிக் நகரத்தின் பழைய விமான நிலையம் மூடப்பட்டு, வேறொரு இடத்தில் புதியது திறக்கப்பட்டது. இரண்டு இடங்களுக்கும் அருகே வசித்த குழந்தைகளை ஆய்வாளர்கள் முன்னும் பின்னும் சோதித்தார்கள். பழைய நிலையத்தின் அருகே சத்தம் நின்ற பிறகு, குழந்தைகளின் நீண்ட கால நினைவாற்றலும் வாசிப்பும் மேம்பட்டன. புதிய நிலையத்தின் அருகே அவை சரிந்தன. பின்னர் லண்டன் ஹீத்ரோ, ஆம்ஸ்டர்டாம் ஸ்கிப்போல், மாட்ரிட் பராகாஸ் ஆகிய மூன்று நிலையங்களைச் சுற்றி, 9 முதல் 10 வயதுள்ள 2,800க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ரான்ச் ஆய்வு 2005இல் வெளியானது. விமானச் சத்தம் கூடக் கூட வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் குறைவதை அதுவும் கண்டது. சத்தத்தின் விலையைக் கொடுப்பவர்களில் பள்ளிப் பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் பற்றிப் பேச யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சரி, சத்தத்தை எப்படி அளப்பது? அலகு டெசிபல். இது சாதாரண அளவுகோலைப் போல ஒரே சீராக ஏறுவதில்லை. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது; நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கிறது. ஆற்றல் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே.

இதிலிருந்து வரும் முடிவு பலரை ஆச்சரியப்படுத்தும். ஒரு நிலையத்தில் விமானங்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கினாலும் சராசரி இரைச்சல் அளவு 3 டெசிபல்தான் குறையும். "பாதி விமானம், பாதி டெசிபல்" என்ற கணக்கு தப்பு.

நேரம் இன்னும் முக்கியம். அமெரிக்காவில் பயன்படும் டிஎன்எல் என்ற அளவு, ஒரு முழு நாளின் சராசரி இரைச்சலைச் சொல்கிறது. இரவு 10 முதல் காலை 7 வரை வரும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அதில் 10 டெசிபல் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு ஆற்றல் என்று பார்த்தோம் அல்லவா? அப்படியானால் ஓர் இரவு விமானம் பத்துப் பகல் விமானங்களுக்குச் சமம். ஐரோப்பாவின் எல்டென் அளவில் மாலை நேரத்துக்கும் 5 டெசிபல் சேர்க்கப்படுகிறது. ஆக, ஒரே ஒரு விமானத்தை நள்ளிரவிலிருந்து பகலுக்கு மாற்றினால் ஒன்பது பகல் விமானங்களை நீக்கியதற்குச் சமமான பலன் கணக்கில் தெரியும். கால அட்டவணையை வைத்துக்கொண்டே மாணவர்கள் செய்யக்கூடிய ஆய்வு இது.

சராசரிக்கு ஒரு குறையும் உண்டு. யாரும் சராசரியைக் காதால் கேட்பதில்லை. தலைக்கு மேல் போகும் ஒவ்வொரு விமானத்தையும்தான் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் உருவான என்70 என்ற அளவு இதைச் சரிசெய்யப் பார்க்கிறது: 70 டெசிபலைத் தாண்டிய சத்தம் ஒரு நாளில் எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கை. "எங்கள் வகுப்பறையில் பாட நேரத்துக்குள் இத்தனை முறை" என்று சொன்னால் எந்தப் பெற்றோருக்கும் உடனே புரியும். டிஎன்எல் 65 என்று சொன்னால் புரியாது. கைபேசிச் செயலியால் எடுத்த அளவை ஒரு முறையாவது தரமான ஒலி அளவியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிட்டு எண்ணத் தொடங்குங்கள்.

அப்புறம் மரங்கள். மரவரிசை சத்தத்தைத் தடுக்கும் என்ற நம்பிக்கை மிக ஆழமானது. அடர்ந்த, அகலமான மரக்கூட்டம்கூட ஒருசில டெசிபல்தான் குறைக்கும். தலைக்கு மேலே பறக்கும் விமானத்தின் சத்தத்துக்கு மரவரிசை குறுக்கே வருவதே இல்லை.

தரையோடு தவழ்ந்து வரும் சத்தம் வேறு வகை. ஸ்கிப்போலில் 2003இல் புதிய ஓடுபாதை திறந்த பிறகு, விமானங்கள் புறப்படும்போது எழும் ஆழ்ந்த உறுமல் தட்டையான நிலத்தின் மேல் நெடுந்தூரம் பரவியது. பக்கத்து வயல்களை உழுத பிறகு அந்தச் சத்தம் குறைவதை அங்கே கவனித்தார்கள். உழவின் மேடு பள்ளங்கள் ஒலியைச் சிதறடித்தன. அதைப் பின்பற்றி ஆள் உயர மண் வரப்புகளை வரிசையாக எழுப்பி, பவுட்டன்ஸ்கொட் என்ற பூங்காவை 2013இல் திறந்தார்கள். வரப்புகளுக்கு இடையே சுமார் 11 மீட்டர். அந்த உறுமலின் அலைநீளமும் ஏறக்குறைய அதுதான். எனக்கு இந்த உதாரணம் மிகவும் பிடிக்கும், ஏனென்றால் தீர்வு கூர்ந்து பார்த்ததிலிருந்து பிறந்தது. பார்த்தவர்கள் விசித்திரமாகத் தெரிந்ததை ஒதுக்கிவிடவில்லை.

சுருக்கமாக: இரைச்சலில் எண்ணிக்கையை விட நேரம் பெரியது, சராசரியோடு எத்தனை முறை என்பதையும் சொல்ல வேண்டும், மேலிருந்து வரும் சத்தத்துக்கும் தரையில் பரவும் சத்தத்துக்கும் தீர்வுகள் வேறு.

## கருவி பார்க்காத துகள்கள்

ஒரு குழு விமான நிலையத்தின் அருகே மலிவான காற்றுத்தர உணரியை வைக்கிறது. எண் சாதாரணமாகவே இருக்கிறது. "இங்கே மாசு இல்லை" என்று அறிக்கை எழுதிவிடுகிறது. இந்த முடிவு ஆபத்தானது.

அந்த உணரிகள் அளப்பது பிஎம்2.5, அதாவது 2.5 மைக்ரானும் அதைவிடச் சிறியதுமான துகள்களின் எடை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒளியைச் சிதறவைத்து அளப்பதால் சுமார் 0.3 மைக்ரானுக்குக் கீழே இருக்கும் துகள்களை அவை காண்பதே இல்லை. ஜெட் எஞ்சினின் துகள்களில் மிகப் பெரும்பாலானவை 0.1 மைக்ரானையும் விடச் சிறியவை. இவற்றுக்குப் பெயர் மீநுண் துகள்கள். எடை அநேகமாக இல்லை, எண்ணிக்கை மிக அதிகம். லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் காற்று வீசும் திசையில் 16 கிலோமீட்டர் தூரம் வரை இவற்றின் எண்ணிக்கை குறைந்தது இரு மடங்காக இருந்ததை 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

மீநுண் துகள்களை எண்ணும் கருவி விலை அதிகம். அதனால் மாணவர்கள் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தோடு சேர்ந்து செய்யலாம், இல்லாவிட்டால் வேறு அளவைத் தேர்ந்தெடுக்கலாம். நைட்ரஜன் டை ஆக்சைடை உறிஞ்சிச் சேர்க்கும் சிறு குழாய்கள் மலிவானவை. ஆனால் அந்த வாயு சாலை வாகனங்களிலிருந்தும் ஏராளமாக வருகிறது. நிலையத்திலிருந்து தொலைவில், அதே அளவு போக்குவரத்து உள்ள சாலை ஓரத்திலும் குழாய் வைத்து ஒப்பிடாவிட்டால், சாலையின் பழியைத் தூக்கி விமானத்தின் தலையில் போட்டுவிடுவோம்.

## தண்ணீர், பறவை, வெளிச்சம்: ஒன்றைத் தீர்த்தால் இன்னொன்று

விமான நிலையம் என்பது மிகப் பரந்த கான்கிரீட் தளம். மழை பெய்தால் நீர் நிலத்துக்குள் இறங்க வழியில்லை. எண்ணெய், எரிபொருள், தேய்ந்த டயர் ரப்பர் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு ஓடுகிறது. குளிர் நாடுகளில் இன்னொன்றும் சேர்கிறது. இறக்கைகளில் படிந்த பனியை நீக்க கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் கலந்த திரவத்தைத் தெளிப்பார்கள். புரொப்பிலீன் கிளைக்கால் மனிதர்களுக்கு நச்சுத்தன்மை மிகக் குறைந்தது. அதனால் ஆற்றில் கலந்தாலும் பரவாயில்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நீரில் உள்ள பாக்டீரியாக்கள் அதை உண்ணும்போது நீரில் கரைந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. மீன்கள் மூச்சுத் திணறிச் சாகின்றன. அமெரிக்காவின் பஃபலோ நயாகரா விமான நிலையம் இந்த நீரைச் சுத்திகரிக்க, தரைக்கு அடியில் சரளைக்கற்களின் ஊடே நீர் ஓடும் செயற்கை ஈரநிலத்தை அமைத்திருக்கிறது. நீரில் கரைந்த ஆக்சிஜனை அளப்பது பள்ளி ஆய்வகத்திலேயே முடியும். விமான நிலைய வாய்க்கால் ஆற்றில் சேரும் இடத்துக்கு மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு என்று எடுத்தால் போதும்.

"அப்படியானால் மழைநீரைத் தேக்க ஒரு குளம் வெட்டலாமே" என்று தோன்றும். வேறு எந்த இடத்திலும் அது அருமையான யோசனை. இங்கே அதுவே ஆபத்து. குளம் பறவைகளை அழைக்கும். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பிய யுஎஸ் ஏர்வேஸ் 1549 விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் கனடா வாத்துகள் மோதி உந்துவிசையை இழந்தன. விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கி, உள்ளே இருந்த 155 பேரும் பிழைத்தார்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, பறவைகளை ஈர்க்கும் எதுவும் ஜெட் விமானங்கள் வந்துபோகும் பகுதியிலிருந்து 10,000 அடி தள்ளி இருக்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. மழைநீரைத் தேக்கினாலும் 48 மணி நேரத்துக்குள் வடிந்து, அடுத்த மழை வரை காய்ந்து கிடக்க வேண்டும். ஆகவே குளத்துக்குப் பதில் நிலத்தடித் தொட்டி, வலை போர்த்திய தேக்கம், நீர்ப்பரப்பை மூடும் மிதக்கும் பந்துகள் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பழ மரங்களுக்கும் இதே சிக்கல்தான். குப்பைத் தொட்டி திறந்து கிடப்பதும் இதே கணக்கில் வரும்.

சூரியத் தகட்டுக்கும் ஒரு படிப்பினை உண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள மான்செஸ்டர் விமான நிலையத்தில், 2012இல் வாகன நிறுத்தக் கட்டடத்தின் கூரையில் பதித்த தகடுகள் ஒளியைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் மேலேயே பிரதிபலித்தன. விமானங்களைக் கண்ணால் கண்காணிப்பவர்களின் கண் கூசியது. தகடுகளைத் துணியால் மூடிவைத்து, பிறகு திசை மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று. நாளின் எந்த நேரத்தில், ஆண்டின் எந்த மாதத்தில், எந்தக் கோணத்தில் வெளிச்சம் எங்கே விழும் என்பது வடிவியல் கணக்கு. மாணவர்கள் ஒரு தாளிலோ கணினியிலோ முன்கூட்டியே போட்டுப் பார்க்க முடிந்த கணக்கு.

இந்தப் பகுதியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். விமான நிலையத்தில் எந்தச் சுற்றுச்சூழல் யோசனையும் பாதுகாப்பு என்ற வாசலைக் கடந்துதான் உள்ளே போக முடியும். பறவையை அழைக்குமா, கண்ணைக் கூசவைக்குமா, விமானத்தின் பாதையில் உயரமாக நிற்குமா, வானொலிக் கருவிகளுக்கு இடையூறு தருமா? இவற்றுக்குப் பதில் இல்லாத திட்டத்தை நிர்வாகம் ஒதுக்கிவைத்தால் அதை அலட்சியம் என்று சொல்ல முடியாது.

## மாணவர்கள் உண்மையில் எதைச் செய்யலாம்?

"விமான நிலைய மாசைக் குறைப்பது" என்று தொடங்கும் திட்டம் பெரும்பாலும் சுவரொட்டியில் முடிந்துவிடும். "காலை 6 முதல் 9 வரை, ஒரு குறிப்பிட்ட முனையத்திலிருந்து கிளம்பும் விமானங்கள் ஓடுபாதைக்குப் போகச் சராசரியாக எவ்வளவு நேரம் எடுக்கின்றன?" என்று தொடங்கும் திட்டம் ஓர் எண்ணில் முடியும். சிறியதாகத் தெரிகிற இரண்டாவது கேள்விதான் பெரியது.

கேள்வி தயாரானதும், அதற்கு முடிவெடுக்கும் ஆள் யார் என்று தேடுங்கள். இரவு நேர அட்டவணை என்றால் விமான நிறுவனமும் அரசின் ஒழுங்குமுறை அமைப்பும் இருக்கின்றன. தரை மின்சாரம் என்றால் நிலைய நிர்வாகம். வாசலில் நிற்கும் கார்கள் என்றால் போக்குவரத்துப் பிரிவு. தவறான ஆளிடம் சரியான தீர்வைக் கொண்டுபோனால் அது அங்கேயே கிடக்கும். பெரிய நிலையங்கள் பலவற்றில் சுற்றுச்சூழல் பிரிவு என்றே ஒன்று உண்டு. இரைச்சல் வரைபடங்களையும் ஆண்டறிக்கைகளையும் அவர்கள் வெளியிடுவார்கள். அதைப் படித்துவிட்டு, அதில் இல்லாத ஒரு கேள்வியோடு போனால் கதவு எளிதாகத் திறக்கும்.

அளக்கும்போது வேலிக்கு அருகே கூட்டமாக நிற்காதீர்கள், டிரோன் பறக்கவிடாதீர்கள். வானொலிச் செய்தியைப் பெறுவதற்கும் படம் எடுப்பதற்கும் உங்கள் நாட்டின் விதி என்ன என்பதை ஆசிரியர் மூலம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒலி அளவுகளைப் பள்ளி வளாகத்திலிருந்தே எடுக்க முடியும். கால அட்டவணை ஆய்வுக்கு வகுப்பறையை விட்டு எழ வேண்டியதே இல்லை.

தீர்வைச் சொல்லும்போது முழு நிலையத்தையும் மாற்றச் சொல்லாதீர்கள். விமானம் வந்து நிற்கும் ஒரே ஒரு வாயிலில் (கேட்), ஒரு மாதம் சோதித்துப் பார்க்கக் கேளுங்கள். தரை மின்சாரக் கம்பியை நீளமாக்கினால் ஏபியு ஓடும் நேரம் குறைகிறதா என்பதே கேள்வி என்றால், மாற்றத்துக்கு முன்னே குறைந்தது சில வாரங்கள் அளந்து வைத்திருக்க வேண்டும். மாற்றாமல் விட்ட இன்னொரு வாயிலையும் அதே நாட்களில் சேர்த்து அளக்க வேண்டும். வெயில் குறைந்த மாதத்தில் குளிரூட்டித் தேவை தானாகவே குறையும். அந்தக் குறைவு மாற்றாத வாயிலிலும் தெரியும். அதைக் கழித்தது போக மிஞ்சும் வித்தியாசம்தான் நீங்கள் செய்த மாற்றத்தின் பலன். அந்த வித்தியாச நிமிடங்களை எரிபொருளாக்கி, அதை 3.16ஆல் பெருக்கிக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றி, ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.